சாயாத மாப்பிள்ளை

“மாப்பிள்ளை, கொஞ்சம் சாய்ஞ்சு உட்காருங்க!”

மாமனார் ரஹமீம் மூன்றாவது தடவையாகச் சொன்னார். இத்தாமார் சிரித்தான். ஆனால் அசையவில்லை. இரும்புக் கம்பியை முழுங்கினவன் மாதிரி விறைப்பாகவே உட்கார்ந்திருந்தான்.

கல்யாணமாகி மாமனார் வீட்டில் அவனுக்கு இது முதல் பஸ்கா பண்டிகை. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் அந்த யூதர் தெரு முழுக்க இந்நேரம் இதே கதைதான். எகிப்தில் அடிமையாய்க் கிடந்தோம், விடுதலையானோம். அடிமை நின்றுகொண்டே தின்பான். சுதந்திர மனுஷன் இடப்பக்கம் சாய்ந்து ராஜா மாதிரி குடிப்பான். அதற்காகத்தான் நாற்காலிக்கு நாற்காலி திண்டு போட்டிருக்கிறது.

இவனுக்கு மட்டும் என்ன கொழுப்பு?

அவருக்கு இந்தச் சம்பந்தமே பிடிக்கவில்லை. மகள் ஓர்லிதான் அடம்பிடித்துக் கட்டிக்கொண்டாள். ஒரே பெண். இவனிடம் என்ன பாடு படுகிறாளோ என்று தினமும் புழுங்கிக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?”

“தந்தாங்க மாமா.”

“அப்புறம் என்ன? பக்கத்துல பாருங்க, என் பொண்ணு எவ்வளவு அழகா சாய்ஞ்சிருக்கா! அது வளர்ப்பு!”

ஓர்லி, புருஷன் தோளில் நன்றாகவே சாய்ந்திருந்தாள். கூந்தல் முகத்தை மறைத்திருந்தது.

“ஏய் ஓர்லி, உன் புருஷனுக்கு நீயே சொல்லு!”

“ஷ்... மெதுவா மாமா.” இத்தாமார் கெஞ்சினான். “அவ தூங்குறா.”

“என்னது?”

“பண்டிகைக்கு வீட்ல ஒரு ரொட்டித் துணுக்குகூட இருக்கக் கூடாதுன்னு மூணு வாரமா ரெண்டு வீட்டையும் துடைச்சாளே! ஆபீசுக்கும் போயிட்டு, சாயங்காலம் இங்க வந்து அத்தைக்கும் ஒத்தாசை. இப்பத்தான் கண்ணசந்தா. நானும் சாய்ஞ்சா அவ விழுந்துடுவா. ஒருத்தர் சாயணும்னா இன்னொருத்தர் நிமிர்ந்து உட்காரணும்ல மாமா?”

ரஹமீமுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பாடா, பெண் நல்ல இடத்தில்தான் இருக்கிறாள்!

இந்தச் சந்தோஷத்தை உடனே சொல்லியாக வேண்டும். “சிம்ஹா...” என்று ஆசையாகப் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினார்.

மனைவியின் திண்டு போட்டது போட்டபடி இருந்தது. ஒரு கசங்கல்கூட இல்லை. எத்தனை வருஷமாக இப்படியோ!

அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“இதோ வந்துட்டேங்க! சூப்பை இறக்கணும். நீங்க நல்லா சாய்ஞ்சு உட்காருங்க!”

ரஹமீம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.