அண்ணன் முகம்

பஸ் ஸ்டாண்ட் வாசலில், போலீஸ் தேடும் முகங்களை அடையாளம் காணும் கேமரா வைத்த நாளிலிருந்து செல்லச்சாமி தினமும் பிடிபட்டான். அவனுக்கு அப்படியே அண்ணன் கருத்தபாண்டியின் முகம். விசாரணைக்கென்று அண்ணனை ஏற்றிப்போன ஜீப் அவனைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. போய்க் கேட்டால், "தப்பிச்சு ஓடிட்டான், தேடுறோம்" என்றார்கள். செல்லச்சாமியைக் கண்டதும் சிவப்பு விளக்கு எரியும். ஏட்டு கைரேகையைச் சரிபார்த்து, திட்டி அனுப்புவார்.

வீட்டுவாசலிலேயே அம்மா கேட்பாள். "இன்னைக்கும் நிறுத்துனாகளாப்பா?"

"ஆமாம்மா."

"அப்பச் சரி. உசுரோட இல்லாதவன எதுக்குத் தேடப் போறாக?" அண்ணனுக்கு இருந்த மாதிரியே அவன் மீசையை அவளே கத்தரித்துவிடுவாள்.

இன்று பச்சை எரிந்தது. செல்லச்சாமி வெளியே போய்த் திரும்ப வந்தான். பச்சை. அண்ணனைப் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தான். அப்போதும் பச்சை.

"என்னடா, பழக்கதோஷமா?" ஏட்டு சிரித்தார். "போ, இனிமே ஒன்னைய யாரும் தேட மாட்டாக."

செல்லச்சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நல்லாப் பாருங்க சார். அவன மாதிரித்தான இருக்கேன்?"

ஏட்டு கையை உருவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். ஊருக்குப் போகும் பஸ் ஹாரன் அடித்தது. அவன் மறுபடியும் வாசலுக்கு வெளியே போய் நின்றான்.