பனிக்குள் ஓர் அம்பு

மூடுபனி ஏரியை முழுதாக விழுங்கியிருக்கிறது. காலை எட்டு மணிக்கும் படகின் முனை படகோட்டிக்கே தெரியவில்லை. அக்கரையில் ஒருத்திக்கு விடியற்காலையிலிருந்தே பிரசவ வலி. மருந்துப்பையை மடியில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையில் அடங்கும் ஜிபிஎஸ் கருவிக்குப் புது பேட்டரி போடுகிறாள் நர்ஸ். திரையின் மஞ்சள் வெளிச்சம் அவள் விரல்களில் படிகிறது. “என்னம்மா சொல்லுது?” என்கிறார் படகோட்டி. “தேடுதுண்ணே. நாலு சாட்டிலைட்டாவது சிக்கணும், ரெண்டுதான் வந்திருக்கு.” “இந்தப் பனியில அதுக்கு மட்டும் கண்ணு தெரியுமாக்கும்!” மோட்டார் முனக, படகு மெல்ல ஊர்கிறது. திரையில் மூன்றாவது சாட்டிலைட்டின் கோடு எழுகிறது, பிறகு நான்காவது. போன மாதம் அவள் கருவியில் குறித்துவைத்த ‘அக்கரைத் துறை’யை அழுத்துகிறாள். திரையிலுள்ள அம்பு நிதானமாகச் சுழன்று, படகு போகும் திசைக்குக் குறுக்கே நிற்கிறது. அவர் அதைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார், சுக்கானைத் திருப்புகிறார். நீரும் வானமும் ஒரே வெண்மை. படகு நின்ற இடத்திலேயே நிற்க, எண்கள் மட்டும் நடந்துபோவதுபோல் இருக்கிறது அவளுக்கு. இருநூறு, எண்பது, நாற்பது மீட்டர். “மெதுவாண்ணே.” மோட்டார் அடங்குகிறது. இருபது. எதிரே ஒன்றுமே இல்லை. வெண்மைக்குள்ளிருந்து ஈரமான ஒரு கை நீண்டு படகின் விளிம்பைப் பற்றுகிறது. முகம் தெரியுமுன்னே குரல் வருகிறது: “இன்னும் பொறக்கலம்மா, வாங்க.”