சேலைத் தலைப்பு

புற்றுநோய் மருந்து ஏறத் தொடங்கினால் முதல் பதினைந்து நிமிடம் நர்ஸ் ரெஜினா நோயாளியை விட்டு நகரமாட்டாள். அன்று பூங்கோதை சேலைத் தலைப்பைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கேட்காமலே பேசிக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஆனியில் கல்யாணமாம், முகூர்த்தப் புடவைகூட எடுத்தாகிவிட்டதாம். பேச்சுக்கு நடுவே குரல் கம்மியது.

"அக்கா, எங்கயாச்சும் அரிக்குதா?"

"இல்லையே சிஸ்டர்."

ரெஜினா தலைப்பை விலக்கினாள். கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. இதற்கு முந்தைய மருந்தும் இப்படித்தான் ஒத்துக்கொள்ளாமல் நின்றுபோனது. இதை விட்டால் வேறு மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னபோது இருவருமே அங்கே இருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் உள்ள போவட்டும். நீங்க பாக்காத மாதிரி இருந்துடுங்க சிஸ்டர்."

ரெஜினா குழாயை அடைத்தாள். டாக்டரைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே தொடையில் ஊசியைப் போட்டாள், ஆக்சிஜனை வைத்தாள். அவள் கை எதிலும் தயங்கவில்லை.

மூச்சு சீரானதும் டாக்டர் மருந்துப் பையைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போனார். முக்கால் பைக்கு மேல் மருந்து அப்படியே இருந்தது. ரெஜினா அதை எடுக்க எழுந்தபோது, பூங்கோதை தலைப்பைத் தானே இறக்கிவிட்டு, முகவாயை உயர்த்திக் கழுத்தைக் காட்டினாள்.

"நல்லா பாருங்க சிஸ்டர். இப்ப ஒண்ணுமே இல்ல, பாருங்க."