லினக்ஸ் உதவி எண்

“ஹலோ, லினக்ஸ் உதவிங்களா? ஸ்டிக்கர்ல நம்பர் பாத்தேன். டிஸ்க் ஒண்ணு சொருகினேன் சார், தொறக்க மாட்டேங்குது.”

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் துவண்டு கிடந்த துரை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

லினக்ஸ் என்றால் துரைக்கு உயிர். ‘லினக்ஸ் உதவிக்கு’ என்று தன் நம்பரோடு ஒரு கட்டு ஸ்டிக்கர் அடித்து, தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் டீக்கடை, சலூன், கரண்டு கம்பம் ஒன்று விடாமல் ஒட்டியிருந்தார். இதுவரை கூப்பிட்டது ஒரே ஒருத்தர். அவரும் கேஸ் சிலிண்டர் எப்போது வரும் என்று கேட்டார்.

“சொல்லுங்க தம்பி, நான் இருக்கேன்,” என்றார் துரை.

பக்கத்தில் மனைவி மாலா, அழுது சிவந்த கண்ணோடு முறைத்தாள். “வந்த வேல இன்னா, நீங்க பண்றது இன்னா? இப்ப உள்ள கூப்புடுவாங்க.”

“செத்த இரு மாலா. ஒருத்தர் லினக்ஸ்ல சந்தேகம் கேக்குறாரு.”

“நம்ம கஷ்டம் போதாதா?”

துரை போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். “டிஸ்க்குல லைட் எரியுதா?”

“எரியுது சார். படம்தான் வர்ல.”

“டெர்மினல்னு கறுப்பா ஒரு பெட்டி இருக்கும். அதைத் தொறந்து எல், எஸ், பி, எல், கேன்னு அடிங்க.”

வெகுநேரம் டொக், டொக் என்று ஒற்றை விரல் சத்தம் கேட்டது. “எஸ்.டி.பி.ஒன்னு வருது சார்.”

“அப்ப டிஸ்க் சாகல. கடைசியா அதை எடுக்கறப்போ முறையா எஜெக்ட் கொடுத்து எடுத்தீங்களா?”

“எங்க சார்? ரயில்ல இருந்தேன். ஸ்டேஷன் வந்துடுச்சு. அவசரத்துல அப்படியே புடுங்கினேன்.”

“தப்பு தம்பி. எவ்ளோ அவசரம்னாலும் அப்படிப் புடுங்கக் கூடாது.”

“இனிமே புடுங்க மாட்டேன் சார்.” உண்மையிலேயே வருந்துகிற குரல்.

துரைக்கு மனசு இளகிவிட்டது. சொந்த மைத்துனன்கூட இவ்வளவு பொறுமையாக அவர் பேச்சைக் கேட்டதில்லை.

“பரவால்ல, சரி பண்ணிடலாம். நான் சொல்றத அப்படியே அடிங்க. முதல்ல சூடோ. எஸ், யு, டி, ஓ.”

“சூடோன்னா இன்னா சார்?”

“சுரங்கத்துக்குள்ள கேஜ்ல இறங்கறதுக்கு முன்னால மேஸ்திரிகிட்ட உத்தரவு வாங்குவாங்க இல்ல, அந்த மாதிரி. அப்புறம் மவுண்ட், டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோட கோத்து விடுறது.”

மீதியையும் எழுத்து எழுத்தாகச் சொன்னார். மாலா தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி டொக், டொக்.

“அடிச்சிட்டேன் சார். பாஸ்வேர்டு கேக்குது.”

“உங்க பாஸ்வேர்டு போடுங்க.”

“என்னுது கேக்கல சார். வேற யார் பேரோ போட்டு, அவங்களுது கேக்குது.”

“யார் பேரு? படிங்க.”

“டி... யு... ஆர்... ஏ... ஐ.”

துரை எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்தார். அவர் பேரேதான்.

உள்ளேயிருந்து ஏட்டையா எட்டிப் பார்த்தார். “கல்யாண போட்டோ டிஸ்க், லேப்டாப் எல்லாத்தையும் ரயில்ல திருட்டுக் கொடுத்துட்டு கம்ப்ளெயின்ட் எழுத வந்தது யாருங்க?”

துரை போனைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்தார்.

“நான்தான் சார். திருடனும் லைன்லதான் இருக்கான். ஒரே நிமிஷம் பொறுத்துக்குங்க, டிஸ்க் மட்டும் மவுண்ட் ஆயிடட்டும்.”