மூன்றாம் பாட்டில் மணி

மகன் இளஞ்சேரலின் பதினாறாம் நாள் காரியத்தன்று கூடத்தில் நானும், என் மனைவி விசாலமும், அவனுடைய ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்த கிளெமென்ட்டும் இருந்தோம். யாரும் வாங்காத அவர்களுடைய முதல் கேசட்டை, நானும் கேட்க மறுத்திருந்ததை, கிளெமென்ட் போட்டான். மூன்றாம் பாட்டில் கிதார்களின் இரைச்சல் சட்டென்று அடங்கி ஒரு மணி ஒலித்தது.

“இந்த எடந்தான் அங்கிள், ஆல்பத்துலயே உசத்தி.”

உண்மைதான். கீறல் விழுந்த அந்த நாதம் மூன்று தலைமுறையாக எங்கள் பூஜையறையில் கேட்டது. மகன் வீட்டை விட்டுப் போன அதே வாரம் மணியும் காணாமல் போயிருந்தது.

“வெளிய சொல்லிராதீங்க,” என்றாள் விசாலம். “போன புள்ளைக்குக் கெட்ட பேரு வேணாம்.”

வேலைக்காரி பேச்சியம்மாள் மணியைத் திருடிவிட்டு ஊரை விட்டு ஓடினாள் என்று இன்றும் பேசுகிறார்கள். போலீஸில் அப்படி எழுதிக் கொடுத்தவன் நான். அவள் திருடவில்லை.