மேசைமேல் வைத்த தண்ணீர்

பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு, 'எங்கள் ஊரின் குறை'. காதால் கேட்டதை நடுவர்கள் மறந்துவிடுவார்கள், கண்ணால் பார்த்ததை மறக்கமாட்டார்கள் என்று சொல்லி, தெருக்குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவரச் சொன்னார் ஜெபமணி டீச்சர். மாரிச்செல்வி பிடித்துவந்தாள்.

மேடையில் பாட்டிலை மேசைமேல் வைத்தாள். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. "இதை உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா?" என்று பழகியபடியே கையை நீட்டிக் கேட்டாள். நடுவர்கள் முகம் சுளித்தார்கள். பாதிப் பேச்சில் அவளுக்குத் தொண்டை வறண்டது. பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து நாலு மடக்குக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அரங்கம் ஏன் அப்படி அடங்கிப்போனது என்று அவளுக்கு விளங்கவில்லை.

முதல் பரிசு கிடைத்தது. பஸ் நிறுத்தத்தில் டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏட்டி, குடிச்சே பாரு, அந்த இடந்தான் எல்லாரையும் சாய்ச்சுட்டு! யாரு சொல்லித் தந்தா?"

"தாகமா இருந்துச்சு டீச்சர்."

"மாவட்டப் போட்டியிலயும் அதே இடத்துல குடிச்சிரு, என்ன?"

"சரி டீச்சர்."

வெயில் ஏறியது. டீச்சர் தன் பையிலிருந்து கடையில் வாங்கிய தண்ணீரை எடுத்து மூடியைத் திருகினார். மாரிச்செல்வி தன் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் குடித்தாள்.