இன்பாக்ஸுக்குப் போகும் வழி

பல் மருத்துவரின் போனுக்காக முதலாளி காத்திருந்தார். முதலாளியும் அவரே, ஊழியரும் அவரே என்பதால், பதற்றத்தில் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

இணையதளங்களுக்கு இடம் கொடுக்கும் அவருடைய சின்ன நிறுவனம், புதிதாக மெயில் சேவையும் தொடங்கியிருந்தது. எல்லாம் அச்சுப் பிசகாமல்தான் செய்தார். ஆனால் புது சர்வரை உலகத்தில் எவரும் நம்பவில்லை. அது அனுப்பியதெல்லாம் நேரே ஸ்பேமில் விழுந்தது.

மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். நோயாளிகளுக்குப் போகும் மெயில் இன்றும் ஸ்பேமில் விழுந்தால், வேறு இடம் பார்த்துக்கொள்வார். அவர் போனால், அவர் சொல்லி வந்தவர்களும் போவார்கள். பிறகு கடைக்குப் பூட்டுதான்.

சர்வருக்கு நல்ல பெயர் வர ஒரே வழி, நாலு பேர் அதன் மெயிலை ஸ்பேமிலிருந்து எடுத்துப் படித்து, பதில் போடுவது.

சொந்தபந்தத்துக்கா பஞ்சம்? போனிலிருந்த முகவரிகளையெல்லாம் வாரிப்போட்டு, வாரம் முழுக்கச் சோதனை மெயில் அனுப்பினார். குடும்பக் குழுவில் கெஞ்சியும் வைத்தார்.

குடும்பம் பொங்கி எழுந்தது. பெரியப்பா கட்டைவிரலை உயர்த்தினார். சித்தி பூங்கொத்துப் படம் போட்டாள். மச்சான், 'கலக்குங்க மாமா' என்றான். மெயிலைத்தான் ஒருவரும் திறக்கவில்லை. தங்கை ஒருபடி மேலே போய், தொல்லை தாங்காமல் அதைத் தன் கையாலேயே ஸ்பேமில் தள்ளினாள்.

"சொந்தக்காரங்களுக்கே உங்க மெயில் போய்ச் சேரல. இதுல நீங்க ஊருக்கெல்லாம் மெயில் அனுப்பப் போறீங்களாக்கும்!" என்றாள் மனைவி.

போன் அடித்தது. மருத்துவர்தான். மெயில் எல்லாம் ஒழுங்காக இன்பாக்ஸிலேயே வந்துவிட்டதாம்.

கடவுள் கண் திறந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு, தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார் முதலாளி.

அப்புறம்தான் தன்னுடைய ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்த்தார். அவருடைய சர்வரும் யாரையும் நம்பாத ஜாதி. ஒரு வாரமாக வந்த பதில்களெல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே அலுவலகத்திலிருந்து.

முதல் பதிலைத் திறந்தார்.

"கிடைச்சுது தம்பி. ஸ்பேம்ல கிடந்துச்சு, எடுத்துட்டேன். நம்ம ஆபீஸ்ல எல்லாரையும் தினமும் எடுத்துப் பதில் போடச் சொல்லியிருக்கேன். புது சர்வர்னா அப்படித்தான் இருக்கும், பயப்படாதே."

எழுதியவர் அவருடைய பழைய முதலாளி.

அவரிடம் பார்த்த வேலையை விட்டுக் கிளம்பியபோது, சொல்லாமல் கொள்ளாமல் இவர் கூடவே கூட்டிக்கொண்டு வந்த வாடிக்கையாளர்தான் அந்தப் பல் மருத்துவர்.